எந்த வாசலில் வந்தாளோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நம் நடன மண்டபத்தில் மயங்கி விழுகிறவர்களைப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தில் கிடத்தச் சொன்னவர் நீங்கள்தான்.

முழங்கால் எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்துவிட்டார்களா?

இரண்டையும் அடுத்தடுத்து எழுதியதற்குக் கோபப்படாதீர்கள். என் மனதில் இரண்டும் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. முதல் விஷயத்தைப் போனில் பேசிப் பார்த்தேன். நான் "அந்தப் பின்வாசல்" என்று ஆரம்பித்ததுமே "சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிட்டீர்கள். நீங்கள் தங்கியிருக்கும் அக்கா வீட்டில் கழிவறைக்குள்கூட சிக்னல் நன்றாக வரும். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும், அடுத்த வேளை சாப்பாட்டுக்குள் எடுத்து மீதியைப் படித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

மண்டபம் நன்றாக இருக்கிறது. கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு முன்பைவிடக் கூட்டம் வருகிறது. பாட்டுப் போடுகிற பையனுக்கு நீங்கள் வைத்த 'தூக்கம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இப்போது சுவரொட்டியிலும் அவனே அப்படித்தான் போட்டுக்கொள்கிறான். வாசல் காவல்காரன் மலை வழக்கம்போல வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறான். உங்களைப் பற்றித் தினமும் விசாரிக்கிறான். "மொதலாளி இல்லாம வாசலே காலியா இருக்கு பாப்பா" என்றான். அவன் நிற்கும் வாசல் எப்படிக் காலியாகும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனான்.

நீங்கள் போனபின் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். வேறு யாரும் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, ஆட்டம் நடக்கும்போது கழிவறைக் குழாய்களை மூடிவைக்கும் வால்வைத் திறந்துவிட்டேன். தாகம் எடுத்தால் கவுண்டரில் பாட்டில் வாங்கட்டும் என்பது உங்கள் ஏற்பாடு. மூச்சு முட்டுகிற கூட்டத்தில், வியர்த்துக் கொட்ட ஆடுகிற பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீரை மூடிவைப்பதற்கு வியாபாரம் என்று பெயர் கிடையாது. வேறு பெயர் இருக்கிறது. உங்கள் வயதுக்கு மரியாதை வைத்து எழுதாமல் விடுகிறேன்.

இரண்டு, உங்கள் அறை. மேசையையும் சுழல் நாற்காலியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, பாய், தலையணை, மங்கலான விளக்கு, மின்விசிறி, தண்ணீர், உப்பு பிஸ்கட் எல்லாம் வைத்திருக்கிறோம். மாத்திரையோ பொடியோ எதையாவது போட்டுக்கொண்டு உடம்புக்கு முடியாமல் போகிறவர்கள், பயந்துபோகிறவர்கள், அழுகை வந்தவர்கள், சும்மா சத்தம் தாங்காதவர்கள் யாராக இருந்தாலும் வந்து உட்காரலாம். யாரும் மிரட்டமாட்டோம். பெயர் கேட்கமாட்டோம். அங்கே என்ன நடக்கிறது என்று யாரோ அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். அவள் "சும்மாதான்" என்றாளாம். அன்றிலிருந்து அதற்குச் சும்மா ரூம் என்று பெயர்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "போதைக்காரங்களுக்குப் பாய் விரிச்சுப் போடறியா?" அப்பா, அவர்கள் நம் வாசலுக்கு வரும்போதே போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். மலை பையைத் தடவிப் பார்க்கிறான் அல்லவா, அது உங்களுக்கு ரொம்பப் பெருமை. அதனால் என்ன ஆகிறது தெரியுமா? மாட்டிக்கொள்வோமே என்று, பொழுது முழுவதற்கும் வைத்திருந்ததை வரிசையில் நிற்கும்போதே மொத்தமாக விழுங்கிவிடுகிறார்கள். மலையின் கைக்குப் பை சுத்தமாகத்தான் கிடைக்கும். சரக்கு எல்லாம் வயிற்றில் இருக்கும். அப்புறம் உள்ளே வந்து விழுவார்கள். விழுந்தால் பின்வாசல்.

சித்தி மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை முடித்துவிட்டு நேராக இங்கே வருகிறாள். நான் கெஞ்சவில்லை, ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான். "அங்க வந்து சேர்றதுக்குள்ள பாதி கெட்டுப்போயிடுது, இங்கயே பார்த்துட்டா எனக்கு வேலை மிச்சம்" என்றாள். வருகிறவர்களிடம் அவள் பேசுவதை நீங்கள் கேட்கவேண்டும். "எடுக்காம இருந்திருந்தா நல்லது. எடுத்துட்டே. சரி, உட்காரு. என்ன எடுத்தே? எவ்வளவு? எப்ப? கூடவே குடிச்சியா?" கடைவாசலில் காய்கறி விசாரிப்பதுபோல இருக்கும் குரல். எல்லோரும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். குடியையும் மாத்திரையையும் கலந்தவர்களைத்தான் அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்வாள். மயக்கமாக இருப்பவர்களை ஒருக்களித்துப் படுக்கவைப்பாள், வாந்தி மூச்சுக்குழலில் போகாமல் இருக்க. யாரையும் தனியாக விட்டுப் போகக்கூடாது என்பது அவளுடைய முதல் சட்டம்.

அம்மா முதல் சனிக்கிழமை சண்டை போடத்தான் வந்தாள். அன்று ஒரு தச்சர் உள்ளே இருந்தார். என்னத்தையோ போட்டுக்கொண்டு, உலகத்தின் மேலேயே பாசம் பொங்கி, உங்கள் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நாளா ஒரு காலை நொண்டிக்கிட்டு நின்னிருக்கே, யாராவது கேட்டாங்களா உன்னை" என்று அழுதுகொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள். தச்சர் தெளிந்த பிறகு, அடுத்த வாரம் கருவிப் பையோடு வந்து மேசைக் காலைச் சரிசெய்துவிட்டுப் போனார். இப்போது உங்கள் மேசை ஆடுவதில்லை. இதற்காகவாவது நீங்கள் சந்தோஷப்படவேண்டும். அன்றிலிருந்து அம்மா சும்மா ரூமின் தண்ணீர் மந்திரி.

போன மழைக்காலத்தில் சந்தில் கிடத்தப்பட்ட அந்தப் பையனைப் பற்றியும் எழுதத்தான் உட்கார்ந்தேன். மஞ்சள் சட்டை. டாக்ஸிக்காரர் ஒருவர் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் என்பதுவரை நமக்குத் தெரியும். பிழைத்தானா என்று தெரியாது. ஏனென்றால் நாம் யாரும் கேட்கவில்லை. நான் விளக்குகளின் சுவிட்சுப் பலகை முன்னால் நின்றுகொண்டு சிவப்பு, நீலம், சிவப்பு என்று மாற்றிக்கொண்டிருந்தேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். உங்களுடைய மாத்திரையைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்

*

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் கிடைத்தது என்றும், அதை எடுத்துக்கொண்டு நீங்கள் மொட்டைமாடிக்குப் போனீர்கள் என்றும், இறங்கி வந்து "அவளுக்கு வாய் நீளம்" என்று மட்டும் சொன்னீர்கள் என்றும் அக்கா சொன்னாள். அதற்கு அப்புறம் மறுபடி ஒரு தடவை மாடி ஏறினீர்களாமே. முழங்காலுக்கு நல்ல பயிற்சி. இன்னும் எழுதுகிறேன்.

நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் தலை சுற்றி விழுந்ததையும் அக்கா சொன்னாள். நல்லவேளை அடி ஒன்றும் இல்லை. செருப்புக் கடைக்காரர் உங்களைத் தூக்கிப்போய் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவைத்து, செருப்புப் பெட்டி மூடியால் விசிறினார் என்று நீங்களே சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்களாம். அந்தக் கடைக்காரரிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: காலையில் என்ன சாப்பிட்டாய், என்ன குடித்தாய், உன் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விசிறினாரா?

சரி. இப்போது நடந்ததைச் சொல்கிறேன். படபடக்காமல் படியுங்கள். முடிவு நல்ல முடிவு.

தப்பு எங்கள் பக்கம். நீங்கள் குழாயை மூடியதில் எனக்கு வந்த கோபத்தில், சும்மா ரூம் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தேன்: "தண்ணீர் இலவசம். குடித்துக்கொண்டே இருங்கள்." சித்தி வேலை முடித்து வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். அந்த நேரமெல்லாம் அம்மாவின் ராஜ்ஜியம். அம்மாவைத்தான் தெரியுமே. யாருடைய டம்ளரும் காலியாக இருப்பதை அவளால் பார்க்க முடியாது. ஜக்கைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் மட்டுமில்லை, ஆட்டக் கூட்டத்துக்குள்ளேயே போய்விடுவாள். "ஆடினது போதும், இதைக் குடி, அப்புறம் ஆடு." "என்ன பாதியில வெக்கறே? முழுசா குடி." தூக்கத்தைக்கூடப் பாட்டுக்கு நடுவில் குடிக்கவைத்தாள். அவன் ஒரு பாட்டை இரண்டு தடவை போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இவ்வளவு நாள் அடைத்து வைத்திருந்த தண்ணீர் இப்படி ஓடுகிறதே என்று எனக்குப் பெருமை வேறு.

அன்று ஒரு பெண் வந்தாள். பல் மருத்துவம் படிக்கிறவள். தோழியோடு வந்து, மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறாள். ரொம்ப ஜாக்கிரதையான பெண், அப்பா. குடிக்கவில்லை. வேறெதையும் கலக்கவில்லை. எங்கள் பலகையைப் படித்திருக்கிறாள். படித்ததை அப்படியே செய்கிற ரகம். அம்மாவும் அவளைப் பார்த்ததுமே, "பல் டாக்டரம்மா, வாங்க" என்று பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் ஆடுவாள், வந்து குடிப்பாள், அம்மா ஊற்றுவாள், மறுபடி ஆடுவாள். பாதி நேரம் ஆடாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டேயும் குடித்தாள். அம்மாவின் முன்பல்லைப் பார்த்து, உடனே காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கும் ஒரு டம்ளர்.

கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். அம்மா, "போனதெல்லாம் திரும்ப உள்ள போகணும்" என்று இன்னொரு டம்ளரைக் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்தப் பெண் அம்மாவை "மிஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். தன் செருப்பை விட்டுவிட்டு யாருடைய ஷூவிலோ காலை நுழைத்துக்கொண்டு, மணி அடித்துவிட்டது, வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். தோழி அழ ஆரம்பித்துவிட்டாள். "பாதிதான் போட்டா, சத்தியமா பாதிதான்" என்றாள். சூடு ஏறிவிட்டதுபோல என்று நான் மின்விசிறியைத் திருப்பினேன். அம்மா மறுபடி ஜக்கை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் சித்தி வந்து சேர்ந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பிடித்துப் பார்த்தாள், என்ன போட்டாள் என்று தோழியிடம் கேட்டாள். அப்புறம் எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று கேட்டாள். அம்மா பெருமையாகக் காலி ஜக்கைக் கவிழ்த்துக் காட்டினாள், "இதுமாதிரி எத்தனையோ" என்று. சித்தி அந்த ஜக்கை அம்மா கையிலிருந்து பிடுங்கியதை என்னால் மறக்கமுடியாது.

"அக்கா, போதும். இந்தப் பொண்ணை உட்கார்ந்த இடத்துலயே தண்ணில முக்கிட்டீங்க."

அந்த ரக மாத்திரை குடித்த தண்ணீரை வெளியே போகவிடாமல் உடம்புக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மேலே மேலே ஊற்றினால் ரத்தத்தில் இருக்கும் உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் இல்லாமலும் சாகலாம், தண்ணீராலும் சாகலாம். இது சித்திக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாமலேயே பலகை எழுதி மாட்டினேன்.

"ஆம்புலன்ஸ்" என்றாள் சித்தி. நான் கூப்பிட்டேன். மலை ஓடிவந்து அந்தப் பெண்ணைப் பூப்போலத் தூக்கிக்கொண்டான். தூக்கிக்கொண்டு, அப்பா, அவன் பின்வாசல் பக்கம் திரும்பினான். வேண்டுமென்று செய்யவில்லை. அவனுடைய காலுக்கு அந்த வழிதான் பழக்கம். அப்படிப் பழக்கினீர்கள்.

அம்மா போய்க் குறுக்கே நின்றாள். மலையின் இடுப்புயரம்தான் இருப்பாள். முந்தானை முழுக்கத் தண்ணீர், கண் முழுக்கத் தண்ணீர். "திரும்புடா" என்றாள். மலை, "அம்மா, மொதலாளி..." என்று இழுத்தான். அம்மா சொன்னாள்: "எந்த வாசல்ல வந்தாளோ அந்த வாசல்லயே போவா. எல்லாரும் பார்க்கட்டும். பார்த்தா என்ன?"

தூக்கம் பாட்டை நிறுத்தினான். நான் விளக்குகளை எல்லாம் போட்டேன். நம் மண்டபத்தை ஆட்டத்துக்கு நடுவில் முழு வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. யாரும் கூச்சல் போடவில்லை. யாரும் போனைத் தூக்கிப் படம் பிடிக்கவில்லை. பிடிக்கப்போன ஒருவனைப் பக்கத்தில் நின்றவனே தலையில் தட்டினான். நடுவில் வழி விட்டார்கள். மலை அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் நடுவே நடந்து முன்வாசலுக்குப் போனான். பின்னாலேயே அம்மா, அந்தப் பெண்ணின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

ஆம்புலன்ஸ்காரர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதும் தோழி வாயை மூடிக்கொண்டாள். போலீஸ் என்று பயம். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "சொல்லும்மா. திட்டறதுக்கு நாளைக்கு நிறைய நேரம் இருக்கு. இப்ப இவருக்குத் தெரியணும்" என்றாள். அவள் சொல்லிவிட்டாள். தண்ணீர் கதையைச் சித்தி சொன்னாள். வண்டியிலும் சித்தியே ஏறிக்கொண்டாள்.

அன்று வீட்டில் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டம்ளரைப் பார்த்தாலே அழுதாள். "நல்லது செய்யறேன்னு கொல்லப் பார்த்துட்டேனே" என்றாள். மறுநாள் மதியம் நாங்கள் மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது சித்தி போன் பண்ணினாள். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். பேச்சு தெளிந்துவிட்டதாம். முதல் கேள்வி, என் செருப்பு எங்கே. இரண்டாவது கேள்வி, அந்த ஆன்ட்டி பல்லைக் காட்டினார்களா.

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். தூக்கம் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தவன், விஷயத்தைக் கேட்டதும் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டான். காலி மண்டபம், பட்டப்பகல், ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. அம்மா ஆடினாள், அப்பா. கல்யாணமானதிலிருந்து அவள் ஆடி நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். நானும் அன்றுவரை பார்த்ததில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தாளத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் ஆடினாள். மலை கைதட்டினான். அவன் கைதட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலே புதிதாக அடைத்த இடத்தில் சிமெண்டு உதிர்ந்தது.

பலகையை எடுத்துவிட்டேன். புதுப் பலகையைச் சித்தி சொல்லச் சொல்ல எழுதினேன்: "தண்ணீர் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக. பிஸ்கட்டும் சாப்பிடுங்கள். ஆடாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் குறைவாக. என்ன போட்டீர்கள் என்று எங்களிடம் சொல்லுங்கள்." அழகான வாசகம் இல்லை. சரியான வாசகம்.

அக்காவிடம் சொல்லி உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சின்னவள்

*

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தடவை நீங்கள் மாடி ஏறவில்லை என்று அக்கா சொன்னாள். படித்துவிட்டுப் போனை எடுத்தீர்களாம். என்னைத்தான் கூப்பிடப்போகிறீர்கள் என்று அவள் நினைத்தாளாம். நீங்கள் மலையைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

மலைக்குப் பொய் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். பின் எதற்கு அவனிடம் ரகசியம் சொல்கிறீர்கள்? டீ குடிக்க உட்கார்ந்தவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன என்று அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆம்புலன்ஸ் மண்டப வாசலுக்கு வந்தால் உரிமம் போய்விடும், இனிமேல் பழையபடியே நட என்று சொன்னீர்களாம். "மொதலாளி பேச்சையும் தட்ட முடியாது, அம்மா பேச்சையும் தட்ட முடியாது. நான் ஊருக்குப் போயிடறேன்" என்றான். உனக்கு ஊர் இதுதானே என்றேன். அதுதான் பிரச்சினை என்றான்.

உரிமம் போகவில்லை. உரிமம் பார்க்கிற அலுவலர் வந்தார். கழிவறைக் குழாயைத் திறந்து பார்த்தார், வால்வைப் பார்த்தார், சும்மா ரூமுக்குள் போய் உங்கள் மேசையைக்கூட ஆட்டிப் பார்த்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யார் என்று கேட்டார். அம்மா, "நாங்கதான். விழுந்தது எங்க வீட்ல. வேற யாரு கூப்பிடுவாங்க?" என்றாள். அவர், தன் வேலைக்காலத்தில் தெருவில் கிடந்தவர்களுக்காக வந்த போன்கள்தான் அதிகம், மண்டபத்துக்கு உள்ளேயிருந்து மண்டபத்துக்காரர்களே கூப்பிட்டு இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எச்சரித்துவிட்டுத்தான் போனார். அடிக்கடி வருவேன் என்றார். வரட்டும். வந்தால் அம்மா தண்ணீர் கொடுப்பாள், கொஞ்சமாக.

உங்கள் பயம் புரியாமல் எழுதவில்லை. ஒருமுறை அதிகாரிகள் மண்டபத்தைப் பூட்டிப் போட்டார்கள். அத்தனை மாதமும் நீங்கள் யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. மலை வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். அதனால்தான் அவன் உங்கள் சொல்லைத் தட்டமாட்டேன் என்கிறான். அந்த நன்றியை வைத்துத்தான் அவனைப் பிள்ளைகளைச் சந்தில் கொண்டுபோய்ப் போடவைத்தீர்கள். எனக்கு ஆத்திரம் அதனால்தான். கெட்டவராக இருந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

நேற்று சனிக்கிழமை. அந்தப் பல் மருத்துவப் பெண் வந்தாள். ஆடுவதற்கு இல்லை. சும்மா ரூமில் சித்தியோடு உட்கார வந்திருக்கிறேன் என்றாள். அவளைக் கண்டதும் அம்மா ஜக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "உனக்கு ஒரு சொட்டுக் கிடையாது" என்றாள். அறையே சிரித்தது. அவள் சிரித்துக்கொண்டே அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். சொத்தை. திங்கட்கிழமை அவளுடைய கல்லூரிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறாளாம், அங்கே மாணவர்கள் பழகுவதற்கு ஆள் தேடுகிறார்கள். யார் யாருக்கு உயிர்ப்பிச்சை கொடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அப்புறம் அந்தப் பெண் சாயங்காலம் முழுவதும் பாயில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சித்தியின் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்: என்ன எடுத்தே, எவ்வளவு, எப்ப. வங்கியில் வேலை செய்கிற ஒருவன், டையைத் தலையில் கட்டிக்கொண்டு, தன் பூனைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அழுதான். நடுங்கிக்கொண்டு வந்த இரண்டு பேர், போட்டுக்கொள்ள வைத்திருந்ததைப் போடாமலேயே குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பப் போய் ஆடினார்கள். எறியும்படி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. கேட்டார்கள், சித்தி தெரிந்ததைச் சொன்னாள், அவர்களே முடிவெடுத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் தங்கள் காலிலேயே நடந்து, முன்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள். விளக்குப் பலகை முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வேலையில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இதுவரை வந்ததில்லை.

ஆனால் மலை ஆட்டம் முழுக்க இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். யாரும் விழவில்லை, பிழைத்தோம். அடுத்த சனிக்கிழமை கல்லூரிப் பரீட்சைகள் முடிகின்றன. மண்டபம் நிரம்பி வழியும். நிச்சயம் ஒருவராவது விழுவார். அப்போது மலை எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. சித்தியால் அந்த உடம்பைத் தூக்க முடியாது. என்னால் முடியாது. அவன் யோசித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் ஒரு உயிர் போய்விடும்.

இன்னொன்று. இதை அம்மா நேற்றுதான் சொன்னாள். அந்த மஞ்சள் சட்டைப் பையனைச் சந்தில் கிடத்திய மறுநாள் காலை, வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு நீங்கள் மருத்துவமனை வாசல் வரைக்கும் போயிருக்கிறீர்கள். உள்ளே போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். வந்து உங்கள் சட்டையை நீங்களே துவைத்தீர்கள். வேலை முடிந்து வெளியே வந்த சித்தி உங்களைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்து, இப்போதுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

எதற்காகப் போனீர்கள் என்று கேட்கமாட்டேன். உள்ளே போய்க் கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று பயந்தீர்களோ, அதையும் கேட்கமாட்டேன். முழங்கால் சீக்கிரம் சரியாகட்டும். நன்றாக நடங்கள், நிறைய நாள் இருங்கள், தலை சுற்றினால் எந்தக் கடையிலும் உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கட்டும்.

எனக்கு நீங்கள் எதுவும் எழுதவேண்டாம். மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். நான் சொன்னால் மலை கேட்கமாட்டான், அம்மா சொன்னால் பாதிதான் கேட்பான். உங்கள் வாயால் ஒரே ஒரு வார்த்தை வேண்டும்: முன்வாசல்.

அவன் மண்டப வாசலில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறான். சனிக்கிழமைக்குள் அவனைக் கூப்பிடுங்கள், அப்பா.

உங்கள்
சின்னவள்